கொடுங்கை நீங்கலாக: புதுக்கோட்டை மாவட்டத்து நேர்முகத் தேர்வுப் பிழைகள் குறித்து ஒரு பூர்வாங்க ஆய்வு

புதுக்கோட்டை மாவட்டத்தின் மேல் ஆய்வாளர்கள் வேண்டிய மட்டும் ஏறி இறங்கிவிட்டார்கள். சித்தன்னவாசல் ஓவியத்தின் தாமரைக் குளத்தில் இறங்கி மீனையும் பூவையும் எண்ணியாயிற்று. குடுமியான்மலை இசைக் கல்வெட்டின் ஸ்வரங்களை வைத்துச் சண்டை போட்டாயிற்று. கொடும்பாளூர் மூவர் கோயிலில் மிஞ்சி நிற்பது இரண்டுதானே, மூன்றாவது எங்கே என்றும் கேட்டாயிற்று. ஆனால், விடியற்காலைப் பேருந்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஏறி, பொழுது சாய அதே சட்டை கசங்கி இறங்கும் பட்டதாரியை மட்டும் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இடைப்பட்ட நேரத்தில், ஏதோ ஓர் ஏசி அறையில், பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் அவருக்கு என்ன நேர்ந்தது? சட்டை எந்தக் கேள்வியில் கசங்கத் தொடங்கியது? இந்தப் பெருங்குறையைத் தீர்க்கும் முதல் முயற்சி இது. முதல் முயற்சி என்று இவ்வாய்வாளர் தாமே சொல்லிக்கொள்வதை ஆய்வு மரபு அனுமதிக்கிறது.

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுத்துவிடலாம். மாவட்டத்தின் 12 தாலுகாக்களும் இதில் அடக்கம். கந்தர்வகோட்டைக்காரர் தஞ்சாவூருக்குப் போகிறார். விராலிமலைக்காரர் உள்ளூர்த் தொழிற்சாலைக்கோ திருச்சிக்கோ போகிறார். மற்றவர்கள் இரவு ரயிலேறி எழும்பூரில் இறங்கி, அங்கேயே பல் துலக்கிச் சட்டை மாற்றிக்கொண்டு போகிறார்கள். எங்கே போனாலும் பிழைகள் ஒன்றே என்பது முதல் கண்டுபிடிப்பு. அரசு வேலைக்குப் படிப்பவர்களில் பெரும்பாலோர் இந்த ஆய்வுக்கு வெளியே நிற்கிறார்கள். குரூப் 4 தேர்வில் நேர்முகமே கிடையாது. கேள்வித்தாளின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. மத்திய அரசும் 2016 ஜனவரி 1 முதல் குரூப் சி, டி பணிகளுக்கும் கெசட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் நேர்முகத்தை எடுத்துவிட்டது. சிபாரிசும் கையூட்டும் நுழையும் வாசல் அது என்பதுதான் காரணம். ஐ.ஏ.எஸ். கனவு காண்போர் மொத்தம் 2025 மதிப்பெண்ணில் 275-க்காக அந்த வாசலில் இன்னமும் நிற்கிறார்கள். ஆக, இவ்வாய்வின் நாயகர், தனியார் வேலைக்குப் போகும் சாதாரண பி.காம்., பி.எஸ்சி., பி.இ., பாலிடெக்னிக் பிள்ளைகள்.

தகவல் திரட்டிய களங்கள்: கோப்பு விற்கும் ஜெராக்ஸ் கடைகள், புதிய பேருந்து நிலையத்து டீக்கடை, வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களின் நீண்ட வரிசைகள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்ட சிலரும் பேசினார்கள். பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். போட்டால் மாமா கோபித்துக்கொள்வார் என்பது பொதுக் காரணம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் நமக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்டது. ஊர்ச் சபை வாரியத்துக்கு வருகிறவர் 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவரோடு நின்றதா? அவருடைய சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் மக்கள், மாமனார், மைத்துனர் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுக்கு உறவினர்களைக் கல்லில் அடுக்கித் தள்ளி வைத்தார்கள். தகுதி தேறியவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றுமறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். "அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்கே பாக்குறீங்க?" என்று அந்தச் சிறுவன் யாரையும் கேட்கவில்லை.

வள்ளுவர் இன்னும் நுட்பமானவர். ஆளை ஆராய்ந்து தெளிவதற்கு ஒரு முழு அதிகாரம், 51-ஆவது. ஆராய்ந்தவரை எந்த வேலையில் வைப்பது என்பதற்கு இன்னொன்று, 52-ஆவது. இவ்வளவும் சொல்லி முடித்த கையோடு 53-ஆவது அதிகாரமாகச் சுற்றந்தழாலை வைத்தார். உறவினரை அணைத்துக்கொள்வது பற்றியது அது. உரையாசிரியர்கள் இந்த வரிசைக்கு என்ன காரணம் சொன்னாலும், நம் மாவட்டத்து மாமாக்கள் அதை நேரடியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இனிப் பிழைகளுக்கு வருவோம். காலவரிசையில் முதல் பிழை, கோப்பு.

கோப்பு என்பது பொத்தான் வைத்த நீல நிறப் பிளாஸ்டிக் உறை. இவ்வாய்வுக்குக் கிடைத்த மாதிரி ஒன்றைத் திறந்து பார்த்தபோது உள்ளே கண்டவை: பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், லேமினேட் செய்தது (லேமினேட் செய்யாதே என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள்). பன்னிரண்டாம் வகுப்பு. மாற்றுச் சான்றிதழ். எல்லா செமஸ்டரும். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டை. ரேஷன் அட்டை நகல். என்.எஸ்.எஸ். முகாமில் குளம் தூர் வாரியதற்கான சான்று. ஏழாம் வகுப்பில் ஓவியப் போட்டியில் இரண்டாம் பரிசு. இருவேறு காலத்துப் பாஸ்போர்ட் போட்டோக்கள். ஒன்றில் மீசை இல்லை. கடைசி உறையில், மடித்த தினசரிக் காகிதத்துக்குள் குலதெய்வக் கோயில் திருநீறு.

"எல்லாத்துலயும் மூணு செட் போட்டுக்கப்பா, எதைக் கேப்பாங்கன்னு யாரு கண்டா?" என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். வணிக நோக்கம் கலந்திருந்தாலும் அக்கறையும் இருந்தது. ஆனால் அறைக்குள் கேட்டது ஒரே ஒரு தாள், ரெஸ்யூமே. அது கோப்பில் எங்கோ நடுவில் இருந்தது. பொத்தானைப் பிரித்து இழுத்ததில் முதலில் வந்தது ஓவியப் போட்டி, அடுத்து திருநீறு. இதிலிருந்து இவ்வாய்வு ஒரு விதியை வகுக்கிறது: கோப்பின் எடை கூடக் கூட, கேட்ட தாள் கைக்கு வரும் நேரமும் கூடும், அந்த நேரம் முழுவதும் மேசைக்கு எதிரே இருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார். மாற்று ஏற்பாடு எளிது. ரெஸ்யூமே இரண்டு பிரதி எடுத்துக் கோப்புக்கு வெளியே கையில் வைத்துக்கொள்ளலாம். அசல் சான்றிதழ்களைக் காட்டலாம். அங்கேயே கொடுத்துவிட்டு மட்டும் வரக்கூடாது. வேலைக்கு முன்பணம் கட்டச் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். சம்பளம் தருகிறவர்தான் முதலாளி, வாங்குகிறவர் அல்ல.

இரண்டாவது பிழை, துணை. பிள்ளை தனியாகப் போனால் திகைத்துப்போகும் என்று சித்தப்பா கூட வருகிறார். வாட்ச்மேனிடம், "எத்தனை மணிக்கு முடியும்? ஊருக்குக் கடைசி பஸ் இருக்கு" என்று விசாரிப்பவர் அவரே. உள்ளே போனவரின் தைரியத்தை ஜன்னல் வழியே கைகாட்டிக் கலைப்பவரும் அவரே. சித்தப்பாவை டீக்கடையோடு நிறுத்திவிட்டால் தீங்கு குறைவு. ஆபத்தானது போனில் வரும் மாமா. "உள்ளே நம்ம ஆளு ஒருத்தரு இருக்காருப்பா, பேரை மட்டும் சொல்லு, மத்ததை அவரு பாத்துக்குவாரு." பிள்ளை பேரைச் சொல்கிறது. அந்த ஆளும் எதிரே உட்கார்ந்திருப்பவரும் ஒரே பதவி உயர்வுக்கு மோதிக்கொண்டிருப்பவர்கள் என்பது மாமாவுக்கு எப்படித் தெரியும்? உத்திரமேரூர்க்காரர்கள் உறவினர் பட்டியலை ஏன் கல்லிலேயே வெட்டினார்கள் என்பது இப்போது விளங்கும்.

இனி அறைக்குள் போகலாம். இவ்வாய்வின் மையம் இங்கேதான்.

"உக்காருங்க. உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"அப்பா விவசாயம் பாக்குறாங்க சார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போறாங்க. தங்கச்சி பன்னெண்டாவது."

"சரி. உங்களைப் பத்தி?"

"நான்தான் சார் மூத்தவன்."

ஆலங்குடிப் பக்கத்து இளைஞர் ஒருவர் போன அறையில் இது நடந்தது. எதிரே இருந்தவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். "தன்னை வெளிப்படுத்தத் தெரியவில்லை" என்பதுதான் அந்தக் குறிப்பு. இவ்வாய்வாளரின் முடிவு வேறு. அந்த இளைஞர் தன்னைப் பற்றி முழுமையாகச் சொல்லிவிட்டார். யாருக்காக இந்த வேலை, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், ஏன் ஆறு மாதத்தில் ஓடிவிட மாட்டார் எல்லாம் அந்த நான்கு வாக்கியத்தில் இருக்கின்றன. கேட்பவருக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

ஆனாலும் பிழை பிழைதான்; அதன் வேர் எங்கே என்று பார்க்க வேண்டும். நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவை இவை: பெரியவர்கள் எதிரே கால்மேல் கால் போடாதே. சொல்லும்வரை உட்காராதே. பேசும்போது முறைத்துப் பார்க்காதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். எல்லாவற்றுக்கும் மேலாக, உன்னைப் பற்றி நீயே பீற்றிக்கொள்ளாதே, நிறைகுடம் தளும்பாது. இருபத்திரண்டு வருடம் இதைக் கற்றுத் தேர்ந்த பிள்ளையை ஒரு நாள் காலையில் அறைக்குள் உட்காரவைத்து, கண்ணைப் பார், நிமிர்ந்து உட்கார், உன் அருமை பெருமைகளை இரண்டு நிமிடத்துக்கு அடுக்கு என்கிறார்கள். வளர்ப்புச் சரியாக இருந்ததற்கு மதிப்பெண் குறைகிறது. நேர்முகத் தேர்வில் நம் பிள்ளைகள் செய்யும் பிழைகளில் பாதிக்கு மேல் வீட்டில் கற்ற மரியாதைகளே என்பது இவ்வாய்வின் தலையாய கருதுகோள். இதற்குப் புள்ளிவிவரம் கிடையாது; டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

பயந்தாங்கொள்ளிகள் என்று சொல்லிவிடவும் முடியாது. தமிழ்நாட்டிலேயே வாடிவாசல்கள் அதிகமுள்ள மாவட்டம் இது. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு கந்தர்வகோட்டைப் பக்கம் தச்சன்குறிச்சியில்தான் தொடங்குகிறது. 2019 ஜனவரி 20 அன்று விராலிமலையில் 1,354 காளைகள் அவிழ்த்துவிடப்பட்டு உலக சாதனையே ஆயிற்று. அங்கே திமிலைப் பிடித்துத் தொங்கிய பையன், மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு முன் வந்ததும் தன் சொந்தப் பெயரை மெதுவாகச் சொல்கிறான். காளையிடம் பெருமை பேச வேண்டியதில்லையே.

மரியாதையைக் கைவிடாமல் இதை எப்படிச் சமாளிப்பது? கம்பனிடம் வழி இருக்கிறது. கிட்கிந்தா காண்டத்தில் அனுமன் இராமனை முதன்முதல் சந்திக்கும் இடத்தை நம் மரபின் ஆகச்சிறந்த நேர்முகம் என்று கொள்ளலாம். அனுமனும் ஆலங்குடி இளைஞரைப் போலத்தான் தொடங்குகிறான்: காற்றின் வேந்தனுக்கு அஞ்சனை வயிற்றில் பிறந்தவன், பெயர் இன்னது. அப்பா பெயர், அம்மா பெயர், சொந்தப் பெயர். ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. யாரிடம் வேலை பார்க்கிறேன், எதற்காக அனுப்பப்பட்டு வந்தேன் என்று அடுத்த மூச்சில் வேலைக்கு வந்துவிடுகிறான். பேசியது கொஞ்சம், அதைக் கேட்டே இராமன் தம்பியிடம் அவனை வியந்து பேசுகிறான். ஆகவே அப்பா பெயர் ஒரு வாக்கியம் இருக்கட்டும். இரண்டாவது வாக்கியத்தில், கையால் செய்து முடித்த ஒரு வேலை வர வேண்டும். "கடைசி வருஷத்துல எங்க ஊரு கூட்டுறவு சங்கத்துக் கணக்கைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடுத்தேன் சார்" என்பது தற்பெருமை ஆகாது. அது தகவல்.

தகவலுக்கும் தற்பெருமைக்கும் நடுவே ஒரு சேறு இருக்கிறது. அங்கேதான் ரெஸ்யூமே எழுதப்படுகிறது. இதை ஆராய அறந்தாங்கியைத் தாண்டி ஆவுடையார்கோயிலுக்குப் போக வேண்டும். அன்றைய திருப்பெருந்துறை. பாண்டியன் தன் அமைச்சர் வாதவூரரைக் குதிரை வாங்கக் கருவூலப் பணத்தோடு அனுப்பினான். வந்த இடத்தில் குரு கிடைத்தார். பணம் கோயிலுக்கும் அடியார்களுக்கும் போயிற்று. கொள்முதல் அதிகாரி ஒருவர் செய்யக்கூடாதவற்றில் இதுவே தலையாயது. இருந்தும் நமக்கு அதனால் கிடைத்தவர் மாணிக்கவாசகர் என்பதால் தணிக்கைத் துறை பேசாமல் இருந்துவிட்டது. அவருக்காக ஈசன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து காட்டினார். மன்னன் பார்த்தான், சுழி சுத்தம், நடை அழகு, ஏற்றுக்கொண்டான். அன்றிரவே குதிரைகள் நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின.

நம் ரெஸ்யூமேக்களில் ஓடுபவை பெரும்பாலும் இந்தக் குதிரைகள்தாம். "எம்.எஸ். ஆபீஸ் நன்கு தெரியும்" என்கிறது தாள். எக்செல்லைத் திறந்து கூட்டல் போடச் சொன்னால், கைப்பேசியில் கூட்டி அதைக் கட்டத்தில் தட்டுகிறார் ஒருவர். "பொழுதுபோக்கு: புத்தகம் வாசித்தல்." கடைசியாகப் படித்தது எது? நெடிய மௌனம். பொழுதுபோக்கு என்ற இடத்தில் கிரிக்கெட் என்றே எழுதியிருக்கலாம். மூன்றாவது ஓவரில் என்ன நடந்தது என்று கேட்டாலும் பதில் வந்திருக்கும். ஈசன் செய்த மாற்றமே ஒரு ராத்திரிதான் தாங்கியது. நாம் இணையத்தில் இறக்கிய மாதிரித் தாள் எவ்வளவு நேரம் தாங்கும்?

அடுத்து வருவது ஊர்க் கேள்வி. இதில் நம் மாவட்டத்துக்காரர்கள் காட்டும் தாராள மனம் கண்ணீர் வரவழைப்பது.

"புதுக்கோட்டையா? அங்கே என்ன விசேஷம்?"

"ஒண்ணும் இல்ல சார். வறண்ட மாவட்டம்."

எதிரே இருப்பவர் ஒரு பேச்சுக்குக் கேட்கிறார். படபடப்பு அடங்கட்டும் என்று கருணையோடு கொடுத்த கேள்வி. அதற்கு மாவட்டத்தையே கைகழுவிவிடுகிறோம். சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கையில் தமிழ் பிராமி எழுத்து இருக்கும் ஏழடிப்பட்டம் எங்கே இருக்கிறது? மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் எந்த ஊரில் பிறந்தார்? 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்ற பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளும் கற்றுக்கொண்டு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது எந்த மாவட்டத்தில்? அந்தப் பெண்களின் மகள்கள்தாம் இன்று கோப்போடு வரிசையில் நிற்கிறார்கள். "எங்கம்மா அந்தக் காலத்துல சைக்கிள் கத்துக்கிட்டவங்க சார்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால், கேட்டவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கதை கேட்பார். அட, சுருட்டுப் படைக்கும் விராலிமலை முருகனையாவது சொல்லலாமே. வடகாட்டுப் பலாப்பழத்தைச் சொன்னால்கூட மூன்று பேரில் ஒருவருக்கு நாக்கு ஊறும்.

எல்லாவற்றுக்கும் சிகரம், பலவீனக் கேள்வி. "உங்க பலவீனம் என்ன?" இதற்குக் கோச்சிங் சென்டர்கள் ஒரு விடையை ஊர் ஊராக விநியோகித்திருக்கின்றன: "எந்த வேலையையும் முழுசா முடிக்காம விட மாட்டேன், அதுதான் சார் என் பலவீனம்." காலையிலிருந்து அறைக்குள் போன எல்லோருக்கும் அதே பலவீனம். கேட்டவருக்குக் கொட்டாவி. வேறு சிலர் உண்மையையே போட்டு உடைக்கிறார்கள்: "காலையில எழுந்திரிக்க மாட்டேன் சார்."

இந்தக் கேள்விக்கான சரியான விடை ஆவுடையார்கோயில் மண்டபத்தில் மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே கூரை விளிம்பில் கல்லால் செய்த கொடுங்கையைப் பார்த்தவர்களுக்கு, அது கல்லென்று நம்பச் சிறிது நேரம் பிடிக்கும். மரச்சட்டம் கோத்து, குறுக்குக் கம்பி கொடுத்து, ஆணி அடித்ததுபோல் கல்லை மெலிதாக இழைத்திருக்கிறார்கள். பழைய சிற்பிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, எந்த வேலையும் செய்து தருகிறோம், ஆவுடையார்கோயில் கொடுங்கை போன்ற சில நீங்கலாக, என்று எழுதுவார்களாம். சிற்பிகள் மரபில் வழங்கிவரும் செய்தி இது. அந்த ஒப்பந்த வாசகத்தின் அழகைப் பாருங்கள். மற்றதெல்லாம் என்னால் முடியும் என்று நெஞ்சு நிமிர்கிறது. முடியாதது எது என்று பெயர் சொல்லிக் காட்டுகிறது. உலகத்திலேயே கடினமானதைத்தான் முடியாது என்கிறது என்பதால் கௌரவமும் குறையவில்லை. பணிவும் பெருமையும் ஒரே வரியில். "கணக்கு எழுதுவேன், ஜிஎஸ்டி தாக்கல் செய்வேன், வாடிக்கையாளர்கிட்ட தமிழ்ல நல்லாப் பேசுவேன், இங்கிலீஷ்ல போன் பேச இன்னும் ஆறு மாசம் பழகணும் சார்." இதுவே இருபத்தோராம் நூற்றாண்டின் "கொடுங்கை நீங்கலாக". இதைச் சொன்ன திருமயம் பெண் ஒருவருக்கு வேலை கிடைத்தது. ஒரு சான்றிலிருந்து பொது விதி வகுக்கக்கூடாது என்று ஆய்வு நெறி சொல்கிறது, இவ்வாய்வாளர் வகுக்கிறார்.

சம்பளக் கேள்வியைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் கிலோவுக்குப் பத்து ரூபாய் விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கு நிற்கும் அதே பிள்ளை, "எவ்வளவு எதிர்பாக்குறீங்க?" என்றதும், "நீங்க பாத்துச் செய்யுங்க சார்" என்று சரணடைகிறது. பார்த்துத்தான் செய்கிறார்கள். போவதற்கு முன், அதே வேலையில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவரிடம் விசாரித்து ஒரு தொகையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. "எதாவது கேக்கணுமா?" என்பதற்கு "இல்ல சார், தேங்க்யூ சார்" என்று எழுவதும் இதே வகைதான். ஷிப்ட் எப்படி, பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டா, ராத்திரி வேலை முடிந்தால் வண்டி உண்டா என்பதெல்லாம் வெளியே வந்து சித்தப்பா கேட்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

இதுவரை மேசைக்கு இந்தப் பக்கம். நேர்மையான ஆய்வு மறுபக்கமும் போக வேண்டும். பிழை செய்வது கேள்வி கேட்பவர்களுக்கும் கைவந்த கலைதான்; அவர்களுக்கு அது வேலையைப் பறிப்பதில்லை என்பதால் வெளியே தெரிவதில்லை. 1921-இல் தாமஸ் எடிசன் தன்னிடம் வேலைக்கு வருவோருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பொது அறிவுக் கேள்விகள் வைத்திருந்தார். அந்த ஆண்டு அமெரிக்கா போயிருந்த ஐன்ஸ்டைனிடம் அதிலிருந்து ஒலியின் வேகத்தைக் கேட்டார்கள். புத்தகத்தில் கிடைப்பதை மூளையில் சுமப்பதில்லை என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டார். எடிசன் கணக்கில் அவர் தேறவில்லை. நம் ஊரிலேயே 1958-இல் ராமேஸ்வரத்து இளைஞர் ஒருவர் விமானப்படை அதிகாரி வேலைக்காக டேராடூன் போனார். 25 பேரில் 8 பேரை எடுத்தார்கள், அவர் ஒன்பதாவது. அங்கே அறிவைவிட ஆளுமையைத்தான் தேடினார்கள் என்று பின்னாளில் தன் நூலில் எழுதினார் அப்துல் கலாம். விமானப்படைக்குப் பின்னாளில் அவரே தலைமைத் தளபதி ஆனார், குடியரசுத் தலைவர் என்ற முறையில்.

1981-இல் வந்த தில்லு முல்லு படத்தை வேடிக்கைப் படம் என்று நினைப்பவர்கள் அதை ஊன்றிப் பார்க்கவில்லை. தேங்காய் சீனிவாசனின் முதலாளிக்கு மீசை பிடிக்கும், விளையாட்டுப் பிடிக்காது. அது தெரிந்து ரஜினி பந்தாட்டமே அறியாத அப்பாவியாக வந்து உட்காருகிறார், வேலை கிடைக்கிறது. முதலாளியின் கிறுக்குகளைக் கண்டுபிடிப்பவருக்கே வேலை என்ற அந்தப் படத்தின் கோட்பாட்டை இன்றுவரை எந்த மனிதவள அதிகாரியும் மறுத்ததில்லை. மறுக்கும் ஆய்வு வெளியே இருக்கிறது. ஷ்மிட், ஹண்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்டார்கள். வாய்க்கு வந்ததைக் கேட்டு அரட்டையடிக்கும் நேர்முகத்தைவிட, எல்லோரிடமும் முன்கூட்டியே எழுதிய ஒரே கேள்விகளைக் கேட்பது ஆளை நன்றாகக் கணிக்கிறது. செய்யப்போகும் வேலையிலேயே கொஞ்சத்தைச் செய்யச் சொல்லிப் பார்ப்பதும் நல்ல அளவுகோல். கையெழுத்தைப் பார்த்து குணம் சொல்வது அநேகமாகப் பூஜ்யம்.

பெண்களிடம் மட்டும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கல்யாணம் எப்போ?" இதற்கு என்ன பதில் சொன்னாலும் பிழைதான். இல்லை என்றால் சீக்கிரம் ஆகிவிடும் என்கிறார்கள். ஆயிற்று என்றால் குழந்தை வரும் என்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேரப் போனபோதும் அவர் படிப்பை யாரும் குறை சொல்லவில்லை. பெண் என்பதற்காகவே எதிர்ப்பு வந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டுச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சேர்ந்தவர் 1912-இல் மருத்துவர் ஆனார், 1927-இல் சென்னை மாகாணச் சட்ட மேலவையின் துணைத்தலைவர் ஆனார். அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்ததும் அவரால்தான். தகுதி பார்த்து ஆளெடுத்த அறைகளில் மன்னருடையதும் ஒன்று. அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

ஆகவே, கேள்வி கேட்கும் அன்பர்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரைகள் சில. விளம்பரத்திலேயே சம்பளத்தைப் போட்டுவிடுங்கள். வேலை தமிழில் நடக்குமானால் கேள்வியையும் தமிழில் கேளுங்கள். கல்யாணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அப்பா அம்மா என்று ஆரம்பிக்கும் பிள்ளையை முழுதாகப் பேச விடுங்கள். எல்லாம் முடிந்து, "வீட்டுக்குப் போங்க, தகவல் சொல்றோம்" என்று எழுப்பி அனுப்புகிறீர்களே, அந்தத் தகவலைச் சொல்லிவிடுங்கள். அதை நம்பித்தான் இலுப்பூரிலும் மணமேல்குடியிலும் பிள்ளைகள் வேறு வேலைக்கு விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள். எடுக்கவில்லை என்றால், எடுக்கவில்லை என்று ஒரு வரி அனுப்பினாலே போதும்.